பேரு என்னா தம்பி?

“அந்த அம்மாவுக்கு பேரு என்னா தம்பி?”

எங்க நாடகத்துல நடிக்க வந்த அக்கா இதத்தான் கேட்டாங்க. காலைல ஆறே கால் இருக்கும், ராத்திரி பூரா பெஞ்ச மழ அப்பதான் விட்டிருந்துச்சி, கீழ மவுசாக்கலை டேம் தண்ணிக்கு மேல பனி எந்திரிச்சி வந்துக்கிட்டிருக்கு, அது கலையிறதுக்குள்ள ரெண்டு ஷாட் எடுத்துறணும்னு டைரக்டர் அண்ணன் தவிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நான் கையில இருந்த தாளப் பாத்துக்கிட்டே, அவங்க மொகத்தப் பாக்காம, “பேரெல்லாம் இல்லக்கா, கெழவி ரெண்டுன்னுதான் போட்டிருக்கு”ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. அப்பறம், “எங்கம்மாவுக்கு அரப்பேரு போட்ட அன்னைக்கிகூட செக்ரோல்ல பேருன்னு ஒன்னு இருந்துச்சி”ன்னு மெதுவா சொல்லிட்டு இடுப்புல படங்கு கட்டப் போயிட்டாங்க. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நான் அங்கனயே மன்னிப்பு கேட்டிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்.

2023ல நடந்தது. நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து 200 வருசம்னு எல்லாரும் ஏதாவது செஞ்சிக்கிட்டிருந்த நேரம், நாங்களும் முக்கா மணி நேர நாடகம் ஒன்னு எடுத்தோம். நான் ரெண்டாவது அசிஸ்டன்ட். கத நான் எழுதுனதில்ல, கெழவி 1, கெழவி 2, கங்காணி, கடக்காரருன்னு எழுதுனது நான் இல்ல, மூணு நாளைக்குள்ள முடிக்கணும்னு காசு போட்டவங்க சொன்னது, முந்தின நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நான் தூங்கல. இதெல்லாம் உண்ம. ஒரு ஷாட்ல வந்து போற ஆளுக்கெல்லாம் பேரு வைக்கிற வழக்கம் எங்கயும் கெடையாது, அதுவும் உண்ம. இத எத்தனையோ தடவ எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன்.

ஆனா நானும் தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருக்கிற லயத்துல பொறந்தவன். கொழும்புல இருந்து வந்த பையன் யாராவது அந்தப் பதில சொல்லியிருந்தா அது வேற. பேருன்னா நம்மளுக்கு என்னான்னு எனக்குத் தெரியும். தோட்டத்துல வேலக் கணக்கு எழுதுற புத்தகந்தான் செக்ரோல், இந்த மாசம் எத்தன பேருன்னு கேட்டா எத்தன நாள் வேலன்னு அர்த்தம், தேயிலக் கொழுந்து கொறஞ்சா அரப்பேரு, அதாவது பாதி நாள் கூலி, 2021ல பேருக்கு 1000 ரூவான்னு ஆனப்பறமும் கிலோ கொறஞ்சா அதே அரப்பேருதான். எங்க அப்பாயி அரப்பேரோட வந்த அன்னைக்கி அடுப்பு பக்கத்துல திரும்பி ஒக்காந்துக்கும், யார் கூடயும் பேசாது, கைய மட்டும் அடுப்புல காட்டிக்கிட்டே இருக்கும். அதப் பாத்து வளந்தவன் நான். நாள் முழுக்க மழையில நின்ன ஆளப் பாத்து ஒனக்குப் பாதிப் பேருதான்னு சொல்ற மொழிக்குள்ளயே வளந்துட்டு, அக்காகிட்ட பேரே இல்லன்னு சொல்லிட்டேன்.

அக்காவப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அவங்க மொத மொத மேட ஏறுனது பழைய மஸ்கெலியா டவுன்ல, ஒம்போது வயசுல, 1964ல. அந்த டவுன் இப்ப இல்ல, 1969ல அணைக்கட்டு முடிஞ்சப்பறம் தண்ணிக்குள்ள போயிருச்சி, வறட்சி வந்தா பழைய கோயில் மட்டும் வெளிய தெரியும். ஷூட்டிங் அன்னைக்கி தண்ணி நெறஞ்சி கெடந்துச்சி, அவங்க கையக் காட்டி, “அந்தா, அதுக்குள்ளதான் நான் மொதல்ல ஏறுன மேட கெடக்கு”ன்னு மேக்கப் போடுற பிள்ளைகிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சி.

அவங்க அப்பா காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனவரு. கூத்துல பொம்பள வேசமும் ஆம்பளதான கட்டணும். மாசி மாசம் கம்பம் ஊனிட்டா அம்மாவோட சீலைய எடுத்துக்கிட்டு போயிருவாராம், மொகம் வழிச்சி, கண்ணுக்கு மை எழுதி, மன்மதன் எரிஞ்சப்பறம் வர்ற ரதி புலம்பல அவரு பாடுனா தப்பு அடிக்கிறவங்களே அழுதுருவாங்களாம். தோட்டத்துல அவர சாகுற வரைக்கும் ரதின்னுதான் கூப்புட்டாங்களாம், சொந்தப் பேரு செக்ரோல்லயும் அடையாள அட்டையிலயும் மட்டும்தான் இருந்துச்சின்னு அக்கா சொல்லுவாங்க. அந்தப் புலம்பல் அவங்களுக்கு முழுசா மனப்பாடம். ஆனா கூத்துல அவங்கள ஒரு நாளும் ரதியா நிக்க விடல. அதனாலதான் மேட நாடகத்துக்கு வந்தாங்க.

தீபாவளிக்கு, பொங்கலுக்கு, கோயில் திருவிழாவுக்குன்னு நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலைன்னு லொறி பிடிச்சி போயி நடிச்ச குழு அது. பதினாலு பேரு இருந்த குழு அஞ்சாறு வருசத்துல அஞ்சு பேரா ஆயிருச்சி. சண்ட ஒன்னும் இல்ல, சிறிமா சாஸ்திரி ஒப்பந்தந்தான். அந்த 1964 ஒப்பந்தத்துல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியா எடுத்துக்கணும்னு எழுதுனாங்கல்ல, அந்தக் கணக்குக்குள்ள இவங்க குழுவோட கதாநாயகனும் போயிட்டாரு, ஆர்மோனியக்காரரும் போயிட்டாரு. ஒவ்வொருத்தரையா ஹட்டன் ஸ்டேசன்ல கோச்சி ஏத்தி விட்டுட்டு வந்து, அவங்க விட்டுட்டுப் போன வேசத்தையும் இவங்களே கட்டியிருக்காங்க. ஒரே ராத்திரியில மாமியாவும் நாந்தான், எமனும் நாந்தான்னு சொன்னாங்க. கதாநாயகியா நடிச்சது ரெண்டே ரெண்டு நாடகம். இருவத்தஞ்சு வயசுலயே தலைக்கு வெள்ள அடிச்சிக்கிட்டு தாயா நிக்க ஆரம்பிச்சவங்கதான், நெசமாவே தல நரைக்கிற வரைக்கும் அதேதான்.

அப்பறம் வானொலி நாடகம், 1982ல அரசாங்கத்தோட ரூபவாஹினி வந்தப்பறம் டீவி. சிங்கள டெலிநாடகத்துலயும் நெறைய. அவங்க நல்லா சுத்தமா சிங்களம் பேசுவாங்க, ஆனா கூப்புட்ட எடத்துலயெல்லாம் ஒடச்சி பேசச் சொல்லுவாங்களாம், தோட்டத்து அம்மான்னா அப்புடித்தான் பேசணும்னு. செஞ்சிருக்காங்க. “சோறு வேணும்ல தம்பி”ன்னு சொன்னாங்க, அதுக்கு மேல அதப் பத்தி ஒன்னும் சொல்லல.

டவுன்ல அவங்கள நம்ம ஊரு மனோரமான்னு சொல்லுவாங்க. அத அவ்வளவா விரும்ப மாட்டாங்க. மனோரமா மேல மரியாத இல்லாம இல்ல, 2015 அக்டோபர்ல அவங்க செத்த அன்னைக்கி அக்கா சாமி படத்துக்கு முன்னாடி வெளக்கு ஏத்தி வச்சிருக்காங்க. ஆயிரம் படத்துக்கு மேல நடிச்சவங்க, அண்ணாதுர கூட மேடயில நடிச்சவங்க. ஆனா அக்கா சொன்னது என்னான்னா, அந்தம்மாவோட சொந்தப் பேரு கோபிசாந்தா, நாடகக்காரங்கதான் மனோரமான்னு மாத்துனாங்க, அவங்க அந்தப் பேர ஒழச்சி ஒழச்சி சொந்தமாக்கிக்கிட்டாங்க, அத நான் எரவல் வாங்கிக்கிறது எப்புடின்னு. ஒரு ஆளோட ஒழப்ப இன்னொருத்தர் பேருக்கு போடக்கூடாதுன்னு நெனைக்கிறவங்க அவங்க. இது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சிருந்தும்தான் அந்தப் பதில சொன்னேன்.

அந்த ஷாட்டுக்கு வர்றேன். மகன் வேல தேடி கொழும்புக்கு போறான், மேட்டுல கொழுந்து எடுத்துக்கிட்டிருக்கிற ரெண்டு கெழவிங்க பாக்குறாங்க, கெழவி ரெண்டுக்கு ஒரே ஒரு வசனம், “போயிட்டு வாய்யா.” அவ்வளவுதான். அக்கா அதுக்கு ஒரு மணி நேரம் தயாரானாங்க. நாங்க வாங்கி வச்சிருந்த கொழுந்துக் கூட புதுசு, அத வேணாம்னு சொல்லி பக்கத்து மலையில வேல செஞ்சிக்கிட்டிருந்த ஒரு பிள்ளைகிட்ட கெஞ்சி அதோட கூடைய வாங்குனாங்க. கயிறு தலையில அழுத்துற எடத்துல ஒரு துணிய மடிச்சி வச்சாங்க, நெத்திக்கு கொஞ்சம் மேல, சரியா அந்த எடத்துல. மேக்கப் பிள்ள கண்ணு பென்சில்ல வெரல்ல கறுப்பு பூசியிருந்துச்சி, அதத் தொடச்சிட்டு ஒரு கைப்பிடி கொழுந்தப் பிச்சி ரெண்டு கையிலயும் வச்சி கசக்குனாங்க, கசக்கிக்கிட்டே இருந்தாங்க, சாறு எறங்கி பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் மெல்ல மெல்ல கறுத்துச்சி. நகத்துக்கு ஓரத்துல அந்தக் கற எப்புடி நிக்கும்னு நம்மளுக்குத் தெரியும்ல, அப்புடியே நின்னுச்சி.

ரெடி சொன்னாங்க. பையன் நடந்து போறான். அக்கா வசனம் சொல்லணும். சொல்லல. அவன ஒரு தரம் பாத்தாங்க, தலையில போட்டிருந்த கொங்காணிய முன்னுக்கு இழுத்துவிட்டுட்டு திரும்பி கொழுந்து எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க, கை மட்டும் வேகமா, ரொம்ப வேகமா போகுது. அப்பா பாடுன புலம்பல் முழுசும் மனசுக்குள்ள இருந்தும் ஒரு சொட்டு கண்ணீர் விடல. கட் சொல்ல அண்ணனுக்கு வாய் வரல. பக்கத்துல நின்ன எனக்கு எங்க அப்பாயி அடுப்புல கையக் காட்டுனது ஞாபகம் வந்துச்சி.

வசனத்த ஏன் விட்டீங்கக்கான்னு அப்பறமா கேட்டேன். “அவ சொல்ல மாட்டா தம்பி”ன்னாங்க. எவ அதுன்னு கேட்டேன். சிரிச்சாங்க. எந்த வேசம் குடுத்தாலும், எத்தன சின்னதா இருந்தாலும், அவங்க ஒரு பேரு வச்சிக்கிருவாங்களாம், யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்களாம். நீங்க வைக்கலன்னா நான் வச்சிக்கணும்ல, பேரு இல்லாதவளுக்கு கை எப்புடி வேல செய்யும்னு கேட்டாங்க.

இதோட நின்னிருந்தா நல்ல அனுபவம்னு சொல்லிட்டு போயிருப்பேன். எடிட்டிங்லதான் நான் செஞ்சது. கடைசியில ஓடுற பேர் வரிசைக்கு ஒதுக்குன நேரம் ரொம்பக் கொஞ்சம், முப்பத்தொரு பேரு இருக்கு, இருவதாக் கொறைக்கணும். கொறைக்கிற வேல எனக்கு வந்துச்சி. வசனம் பேசுனவங்கள மட்டும் வைப்போம்னு முடிவு எடுத்தேன், அது நியாயமான அளவுகோல்னுதான் நெனச்சேன், இப்பவும் வேற என்னா அளவுகோல் வச்சிருக்கலாம்னு யோசிச்சா ஒடனே ஒன்னும் வரல. அக்கா வசனம் பேசல. அவங்க பேரு ‘மற்றும் பலர்’க்குள்ள போயிருச்சி. என் பேரு அதுல ரெண்டு எடத்துல வந்துச்சி, உதவி இயக்குநர்னு ஒன்னு, வசன உதவின்னு ஒன்னு. ரெண்டாவத எடுத்திருந்தா ஒரு வரி கெடச்சிருக்கும். அது அப்ப தோணவே இல்லன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு. தோணுச்சி. ஒரு நிமிசம் தோணுச்சி, அப்பறம் அடுத்த வேல வந்துருச்சி.

ஒளிபரப்பான அன்னைக்கி ராத்திரி அக்காவே போன் எடுத்தாங்க. “நல்லா இருந்துச்சி தம்பி, என் கை நல்லா விழுந்திருக்கு”ன்னாங்க. பேரப் பத்தி ஒரு வார்த்த இல்ல. கடைசி வரைக்கும் பாக்காம அமத்தியிருப்பாங்களோ, பாத்துட்டும் சொல்லாம விட்டாங்களோ தெரியல. நானும் சொல்லல. அவங்க கேக்காதப்ப நாமளா எதுக்கு இழுக்கணும்னு அப்ப நெனச்சது, இப்ப எழுதும்போது வேற மாதிரி தெரியுது.

அதுல இருந்து நான் எழுதுற ஒவ்வொரு வேசத்துக்கும் பேரு வைக்கிறேன்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். போன மாசம் ஒரு குறும்படத்துக்கு ஆள் பட்டியல் அடிச்சேன், முடிச்சிட்டு பாத்தா என் கையாலயே ‘பஸ்ல பெண் 1, பெண் 2’ன்னு இருக்கு. மாத்தல. நேரம் இல்ல. இந்தக் கட்டுரையிலயும் அக்கா பேர நான் போடல. அவங்ககிட்ட கேக்காம போடக்கூடாதுன்னு இருக்கு, போடாம விடுறதும் அதே காரியத்த இன்னொரு தடவ செய்யிற மாதிரி இருக்கு, ரெண்டுல எது சரின்னு எழுதி முடிக்கப் போற இந்த நேரத்துலயும் எனக்குப் பிடிபடல.

இத இப்ப எழுதுறதுக்கு காரணம் போன வாரம் வந்த போன். வயசான கலைஞர்களுக்கு ஏதோ உதவிக் காசு குடுக்குறாங்களாம், நடிச்சதுக்கு அத்தாட்சி கேட்டிருக்காங்க. மேட நாடகத்துக்கு என்னா அத்தாட்சி இருக்கு, நோட்டீஸ் எல்லாம் லயத்துக் கூரையில ஒழுகுன தண்ணியில போயிருச்சி. சிங்கள நாடகம் எடுத்தவங்க பாதிப் பேரு இப்ப இல்ல. “நம்ம நாடகத்துல கடைசியில பேரு ஓடுமே தம்பி, அத ஒரு போட்டோ புடிச்சி அனுப்புங்களேன்”ன்னாங்க.

நான் கொஞ்ச நேரம் பேசல. அப்பறம், நேரம் பத்தலக்கா, ஒங்க பேரு அதுல வரல, நாந்தான் எடுத்தேன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் பேரப் பிள்ள அழுகுற சத்தம் கேட்டுச்சி, அத அதட்டுனாங்க, அப்பறம், “சரி தம்பி, கடிதமாவது குடுங்க”ன்னாங்க.

கடிதம் அடிச்சி டைரக்டர் அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். அவங்க அனுப்புன படிவத்துல அந்தக் கடிதத்தோட சேத்து நெரப்ப ஒரு கட்டம் இருந்துச்சி, ஏற்ற பாத்திரத்தின் பெயர். திரும்ப போன் எடுத்தேன். அன்னைக்கி நீங்க அவளுக்கு வச்ச பேரு என்னாக்கா, அத எழுதுறேன்னு கேட்டேன்.

“வேணாம் தம்பி. நாடகத்துல இருக்குறதும் கடிதத்துல இருக்குறதும் வேற வேறயா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க. கெழவி ரெண்டுன்னே எழுதுங்க.”

அப்புடியே எழுதி ஹட்டன் தபால் கந்தோர்ல பதிவுத் தபால்ல போட்டுட்டு வந்தேன்.