இன்ஸ்பயர் உதவித்தொகையும் சிக்ரியில் கழிந்த எட்டு வாரங்களும்

பிளஸ் டூ தேர்வில் நம் வாரியத்தின் முதல் ஒரு விழுக்காட்டு மாணவர்களுள் நானும் ஒருத்தி என்பது, வேதியியல் இளங்கலையில் சேர்ந்த பிறகு மூத்த மாணவி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகைக்கு அதுவே நுழைவுச்சீட்டு. அடிப்படை அறிவியல் படிப்பவருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் என்பது கணக்கு. அதில் 60,000 ரூபாய் மாணவரின் செலவுக்கு, எஞ்சிய 20,000 ரூபாய் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வாளரிடம் செய்யும் திட்டப்பணிக்கு. என்னுடன் விண்ணப்பித்த பலர் அந்த 20,000 ரூபாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எனக்கோ, உண்மையான பயிற்சி அதில்தான் கிடைத்தது.

விண்ணப்பத்தில் என்னை அலைக்கழித்தது வேதியியல் அன்று, தலைப்பெழுத்து. மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்குப் பின் ஓர் எழுத்து மட்டுமே இருந்தது. வங்கிக் கணக்கிலோ அப்பாவின் முழுப்பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டும் ஒருத்தியே என்று நிறுவுவதற்குள் ஏறக்குறைய மூன்று மாதங்கள் கடந்தன. கல்லூரி முதல்வரின் சான்றையும் முதல்முறை முத்திரையில்லாமல் பதிவேற்றிவிட்டு மறுபடி அனுப்பினேன். அது என் கவனக்குறைவு.

இரண்டாம் ஆண்டுக் கோடையில் வழிகாட்டி தேடி 23 பேருக்கு ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி அனுப்பினேன். வந்தவை இரண்டே பதில்கள், இரண்டும் மறுப்பு. அடுத்த கடிதத்தை எழுதுமுன், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி ஒருவரின் கட்டுரையை அகராதியும் கையுமாக இரண்டு நாள் படித்தேன். பிறகு, கல்லூரி ஆய்வகத்தில் வைட்டமின் சி அளவை அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம்பார்த்து அறிந்திருக்கிறேன் என்றும், அதையே மின்முனை கொண்டு அளந்து இரண்டு விடைகளையும் ஒப்பிட விரும்புகிறேன் என்றும் ஆறே வரிகளில் எழுதினேன். நான்காம் நாள் வரச் சொல்லிவிட்டார்.

ஊரார் சிக்ரி என்றே அழைக்கும் அந்த நிறுவனம், அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் 15 லட்சம் ரூபாய் நன்கொடையுடன் எழுந்து 1953இல் திறக்கப்பட்டது. மே மாத வெயிலில் வாயிலிலிருந்து ஆய்வகம்வரை நடந்தால் 300 ஏக்கர் என்பது வெறும் எண்ணாக இருக்காது.

முதல் இரண்டு வாரங்களும் மின்முனையைத் தேய்ப்பதிலேயே கழிந்தன. கிளாசி கார்பன் என்னும் கண்ணாடி போன்ற கரியாலான மின்முனையை 1, 0.3, 0.05 மைக்ரான் அலுமினாத் தூள்களில் அடுத்தடுத்து 8 என்ற எண்ணின் வடிவில் தேய்த்துக் கழுவி, ஃபெர்ரிசயனைடு கரைசலில் சுழல் வோல்ட்டாமெட்ரி, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைபடமாகப் பதியும் சோதனை, எடுக்க வேண்டும். அந்த வரைபடத்தின் ஆக்சிஜனேற்ற உச்சிக்கும் ஒடுக்க உச்சிக்கும் இடையே 25 டிகிரி செல்சியஸில் சுமார் 59 மில்லிவோல்ட் வேறுபாடு இருப்பதே இலக்கணம். எனக்கு முதல் நாள் 140 வந்தது. கை பழகப் பழக 110, 85 என்று இறங்கி, பதினோராம் நாள் 68இல் நின்றபோதுதான் வைட்டமின் சி பக்கம் போக அனுமதி கிடைத்தது.

அங்கும் ஒரு சறுக்கல். அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கரைசலில் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமடையும் என்பது பாடமாகத் தெரிந்திருந்தும், காலையில் தயாரித்த கரைசலைக் கொண்டே மாலைவரை அளந்தேன். செறிவு கூடக்கூட மின்னோட்டம் கூடுவதைக் காட்டி நேராக ஏற வேண்டிய அளவுத்திருத்தக் கோடு பாதியிலேயே சரிந்தது. அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக்கரைசல் தயாரித்து, வைட்டமின் சி சேர்க்காத வெற்றுக்கரைசலைப் பத்து முறை அளந்து திட்டவிலக்கம் கண்டு, அதன் மும்மடங்கைக் கோட்டின் சாய்வால் வகுத்துக் கண்டறியும் எல்லையை, அதாவது இந்த முறையால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவை, பெற்றேன்.

அறிக்கையும் வழிகாட்டியின் சான்றும் இல்லாமல் அந்த 20,000 ரூபாயைக் கோர முடியாது என்பதால் கடைசி வாரம் எழுத்திலேயே போனது. எலுமிச்சைச் சாற்றில் 100 மில்லிலிட்டருக்கு 46.2837 மில்லிகிராம் என்று பெருமையுடன் எழுதியிருந்தேன். அவர் பேனாவை எடுத்து, "இந்தக் கடைசி நான்கு இலக்கங்களை எந்தக் கருவியம்மா சொன்னது?" என்று கேட்டார். 46 என்று திருத்தி, பிழையளவையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு போன பிறகே கையொப்பமிட்டார்.