வயித்துவலினு ஒரு புள்ள வந்தா: ஸ்கூல் ஹெல்த் போஸ்டிங், வைவா அனுபவம்

பிஎஸ்சி நர்சிங்ல கம்யூனிட்டி ஹெல்த் பிராக்டிக்கலும் வைவாவும் (வாய்மொழித் தேர்வு) எழுதப் போற ஜூனியர்ஸுக்காக இத டைப் பண்றேன். ஸ்கூல் ஹெல்த்னா எடை, உயரம், ஸ்னெல்லன் சார்ட் (கண் பார்வை பாக்குற எழுத்துப் பலகை), பல்லு, பேன்னு ஃபார்ம் ஃபில்லப் பண்ற வேலைனு நெனச்சுதான் நானும் போனேன். ஆர்பிஎஸ்கே (குழந்தைகளுக்கான மத்திய அரசோட ஹெல்த் ஸ்கிரீனிங் திட்டம்) 2013ல வந்துச்சு, 18 வயசு வரைக்கும், நாலு டி (பிறவிக் குறை, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சி தாமதம்), இதெல்லாம் ஒரே நைட்ல மனப்பாடம் ஆயிடும். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் (வெளிக் காலேஜ்லேர்ந்து வர்றவங்க) அத ரெண்டு நிமிஷத்துல கேட்டு முடிச்சுட்டு நேரா கேஸுக்கு வந்துருவாங்க.

எனக்கு வந்த கேஸு, 13 வயசு பையன், பிடி பீரியட் முடிஞ்சு அடிவயித்த பிடிச்சுட்டு வர்றான். நான் கடகடனு ஒப்பிச்சேன், காலைல சாப்டியானு கேப்பேன், டெம்பரேச்சர் பாப்பேன், பல்ஸ் பாப்பேன், படுக்க வெப்பேன்னு. மேடம் பொறுமையா கேட்டுட்டு "வெக்கப்பட்டு அவன் உங்கிட்ட சொல்லாம விட்டது என்னம்மா?"ன்னாங்க. பேந்த பேந்த முழிச்சேன். விதை (டெஸ்டிஸ்) முறுக்கிக்கிறதுதான் அது. பசங்க வாய்விட்டு சொல்ல மாட்டாங்க, அடிவயிறுனுதான் கைய வெப்பாங்க, கிட்டத்தட்ட 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலேன்னா விதைய காப்பாத்துறது ரொம்ப கஷ்டம். கூட வந்த ஃப்ரெண்ட வெளிய அனுப்பிட்டு, மெதுவா "கீழ வலிக்குதாடா, வீங்கிருக்கா?"னு கேக்கணும், ஆமான்னா மாத்திரை ஒண்ணும் குடுக்காம வீட்டுக்கு ஃபோன் அடிச்சு உடனே ஆஸ்பத்திரி. எனக்கு அந்த இடத்துல மார்க் போச்சு, உங்களுக்கு போக வேணாம்.

சரி, புள்ளைய பாக்குற ஆர்டர் என்னன்னா, கைய வெக்கிறதுக்கு முன்னாடி கண்ணுதான். கதவுகிட்ட வரும்போதே பாருங்க, நிமிர்ந்து நடந்து வர்றானா குனிஞ்சு வர்றானா, மூச்சு வாங்குதா, மூஞ்சி வெளுத்திருக்கா. இத பீடியாட்ரிக் அசெஸ்மென்ட் ட்ரையாங்கிள்னு சொல்லி ஆரம்பிச்சா எக்ஸாமினர் முகமே மாறும். ஆஸ்துமா பையன்னா முழு வாக்கியமா பேசுறானா, ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா நிறுத்துறானானு பாருங்க. நிறுத்துனா கேள்வி கேட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, நிமிர்ந்து உக்கார வெச்சு அவனோட இன்ஹேலர எடுங்க.

அப்புறம் காது. நம்ம புக்கு பூரா இங்கிலீஷ், புள்ளைங்க சொல்றது தமிழ், அங்கதான் பாதி விஷயம் கோட்ட விடுறோம். பிசையுது, முறுக்குது, குத்துது, எரியுது, எல்லாம் வேற வேற. "தலை சுத்துது"னு சொன்னா அப்படியே கிடினெஸ்னு எழுதிராதீங்க, ரூம் சுத்துதா, கண்ணு இருட்டிட்டு வருதா, இல்ல பசில கிறுகிறுங்குதானு பிரிச்சு கேளுங்க. ப்ரேயர்ல நின்னுட்டே மயங்கி விழுறது அடிக்கடி நடக்கும், வெயிலு, காலைல வெறும் வயிறு, படுக்க வெச்சு கால தூக்கி விட்டா பெரும்பாலும் சரியாயிடும் (விழுந்தப்போ மண்டைல அடிபட்டுச்சானு மட்டும் பாத்துக்கோங்க). ஆனா ஓடிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்தான்னா அது வேற கத, ஹார்ட் பாக்கணும், ரெஃபர் பண்ணியே ஆகணும்.

வயித்துவலிக்கு ஒரு ட்ரிக். "ஒரே விரலால தொட்டு காட்டு"ன்னு சொல்லுங்க. தொப்புள காட்டுனா பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல, தொப்புள விட்டு தள்ளிப் போகப் போக சந்தேகப்படணும். தொப்புள்ல ஆரம்பிச்சு வலது அடிவயித்துக்கு எறங்குச்சு, கூட வாந்தி, சாப்பாடு புடிக்கல, ஒரு குதி குதிக்க சொன்னா சுளிக்குதுன்னா அப்பெண்டிக்ஸ், வாய்வழியா ஒண்ணும் குடுக்கக் கூடாது, ஹாட் வாட்டர் பேக் வெக்கவே கூடாது. நீல மாத்திரை குடுக்குற அன்னைக்கு குமட்டல், வயித்துவலினு வரிசையா வந்தா சாப்டாம போட்டாங்களானு கேளுங்க, அந்த இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயித்துல ஒத்துக்காது.

போஸ்டிங்ல ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ணு. மூணு நாள், மூணு நாளும் மூணாவது பீரியட், வயித்துவலி. மூணாவது பீரியட் கணக்கு. நானும் கூட இருந்த டீச்சரும் சிரிச்சுக்கிட்டோம், கணக்குக்கு பயந்துட்டு வருதுனு. எங்க சிஸ்டர் மட்டும் சிரிக்கல. பக்கத்துல உக்கார வெச்சு "என்னடா தங்கம் பண்ணுது?"ன்னாங்க, "அடில கடுக்குது சிஸ்டர்"னுச்சு. காலைலேர்ந்து எத்தன தடவ பாத்ரூம் போனேன்னு கேட்டா ஒரு தடவ கூட போகல. கேர்ள்ஸ் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லையாம், போக வேணாம்னு தண்ணியே குடிக்காம அடக்கிட்டு இருந்திருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு போய் ஒண்ணுக்கு போனா எரியுதாம். பிஹெச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) அனுப்பி யூரின் டெஸ்ட் எடுத்தா இன்ஃபெக்ஷன். எனக்கு அன்னைக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுனு தெரியல.

அதுக்காக நடிக்கிற புள்ளையே இல்லனு சொல்ல வரல, இருக்கு. ஆனா மொத கேஸா அத நெனைக்கக் கூடாது, உடம்ப பாத்து முடிச்ச பெறகுதான் கிளாஸ்ல யாராவது அடிக்கிறாங்களா, வீட்ல என்ன, பீரியட்ஸ் வந்துருச்சானு தனியா கேக்கணும். யாராவது தப்பா நடந்துக்கிறதா புள்ள சொன்னா நாமளே விசாரண பண்ணக் கூடாது, அது போக்சோ (குழந்தைகள பாலியல் குற்றத்துலேர்ந்து காக்குற சட்டம்), ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், 1098ங்கிற குழந்தைகள் உதவி நம்பர வைவால சொல்லுங்க.

காய்ச்சல்ல மாட்டிவிடுற கேள்வி "பாராசிட்டமால் எவ்ளோ குடுப்ப?". கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம்னு டோஸ் சொல்றதோட நிறுத்துனா போச்சு. டாக்டரோட ஸ்டாண்டிங் ஆர்டர் (முன்னாடியே எழுதிக் குடுத்த அனுமதி) இருக்கணும், வீட்ல ஏற்கெனவே குடுத்து அனுப்புனாங்களானு கேக்கணும், எடை பாக்கணும், அப்புறம்தான் மாத்திரை. கழுத்து வெறச்சிருக்கா, ஒடம்புல தடிப்பு இருக்கானு பாக்குறதும் சேத்து சொல்லுங்க. தலைவலிக்கு போர்டு தெரியுதானு கேட்டு ஸ்னெல்லன் சார்ட்லேர்ந்து 6 மீட்டர்ல நிக்க வெச்சு பார்வைய பாருங்க, காலைல எந்திரிக்கும்போதே தலைவலியும் வாந்தியுமா இருந்தா கண்ணாடியோட விட்ராதீங்க, டாக்டர்கிட்ட அனுப்புங்க.

கடைசியா ரெஜிஸ்டர். டைம், புள்ள சொன்ன வார்த்த அப்படியே, நீங்க பாத்தது, செஞ்சது, யாருக்கு சொன்னீங்க, திரும்ப எத்தன மணிக்கு பாத்தீங்க. "வயிற்றுவலி, ஓய்வு அளிக்கப்பட்டது"னு ஒரு வரில எழுதுனா அந்த ஏழாங்கிளாஸ் பொண்ணு நாலாவது நாளும் வந்திருக்கும். அப்புறம் செகண்ட் முள்ளு இருக்குற வாட்ச் கட்டிட்டு போங்க, என் பேட்ச்ல ஒருத்தி மூச்சு எண்ண ஃபோன எடுத்துட்டு திட்டு வாங்குனா.