நிற்பவர்கள், இடமிருந்து வலம்

ஆகஸ்ட் 3, சனி

அம்மாவுக்கு ரத்தத்தில் சோடியம் இன்னும் ஏறவில்லை. ஏறினால்தான் இடுப்பு ஆபரேஷன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மணி கேட்டதும் கண்ணைத் திறக்காமலே, "முதல் மணியா ரெண்டாம் மணியாட்டி?" என்றாள் அம்மா. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயில் இந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கம்தான். ரெண்டாம் மணி என்றேன். உடனே முந்தானையை இழுத்து முக்காடு போடப் பார்த்தாள். கையில் டிரிப்ஸ் ஊசி. நானே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்த போட்டோக்களை எடுத்து வந்தேன். அட்டை ஓரமெல்லாம் செல் அரித்திருக்கிறது. படங்களில் கறுப்பாக இருக்க வேண்டிய இடங்கள் வெள்ளிபோல மினுங்குகின்றன. சாய்த்துப் பிடித்தால்தான் முகம் தெரியும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருமறையூர் இறையியல் கல்லூரி, 1957. அப்பா போதகராகப் படித்த இடம்.

நாற்காலிகளில் ஆசிரியர்கள், வெள்ளை அங்கியும் இடுப்புக் கச்சையுமாக. பின்னால் இரண்டு வரிசை மாணவர்கள், வேட்டி, ஜிப்பா. மேல் வரிசையில் அப்பா. காது இரண்டும் அப்போதே அப்படித்தான். அட்டையின் அடியில் எல்லார் பெயரும் முதலெழுத்தோடு மையில் எழுதியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலம். முன்னால் தரையில் சம்மணமிட்டிருக்கும் பையன்களுக்குக்கூடப் பெயர் உண்டு.

பின்னால் வராந்தாவில் தூண்களுக்கு நடுவே பெண்கள் நிற்கிறார்கள். அவர்களை யாரும் படத்துக்குக் கூப்பிட்ட மாதிரியும் இல்லை, விலகச் சொன்ன மாதிரியும் இல்லை. அவர்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஒருத்தி அம்மா. பக்கத்தில் இன்னொருத்தி, இடுப்பில் பிள்ளை. பாதி முகத்தைத் தூண் மறைத்துவிட்டது.

"இது யாரும்மா?"

ரொம்ப நேரம் பார்த்தாள். "சாயர்புரத்துக்காரி" என்றாள். அப்புறம் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சோடியம் 126. நேற்றைவிட ஒன்று கூட.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று தெளிவாக இருந்தாள். நிறைய பேசினாள். கேட்டதையெல்லாம் எழுதிவிட வேண்டும், நாளைக்கு எப்படி இருப்பாளோ.

கல்யாணமான மாணவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கினார்களாம். ஒரு அறை, ஒரு அடுப்படி. புருஷன்மார் வகுப்புக்குப் போன பிறகு பெண்களுக்கும் பாடம் நடக்கும். தையல், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, பெண்கள் கூட்டத்தில் ஜெபம் பண்ணுவது. "உங்கப்பாவுக்குப் பரீட்சை வச்சாங்க. எங்களுக்கு வைக்கல" என்றாள். அந்தப் பரீட்சையைத்தானே அவள் வாழ்நாள் முழுக்க எழுதினாள்? பண்ணைவிளை, மெஞ்ஞானபுரம், சுரண்டை. அப்பாவுக்கு எந்தச் சேகரத்துக்கு (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்) மாற்றலானாலும் சம்பளம் ஒருவருக்கு, வேலை இரண்டு பேருக்கு. கோயிலுக்கென்று வீடுகளில் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியைப் பிரித்தது யார்? வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சங்கத்துக்கு அழைத்தது யார்? அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, முந்தின நாள் ராத்திரி காய்கறி நறுக்க நூறு பெண்களைத் திரட்டி உட்காரவைத்தது யார்? அசனப் படங்கள் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் கிடாரத்துப் பக்கத்தில் ஆண்கள்தான் கரண்டியோடு நிற்கிறார்கள்.

இன்னொரு படம், ஏதோ கிராமத்துக் கோயிலின் உள்பக்கம். ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஜனங்களைப் பார்க்கிறார். இதைப் பார்த்ததும் அம்மா முகம் மாறியது. அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது நற்கருணை நேரத்தில் ஐயரின் முதுகுதான் தெரியுமாம். 1947 செப்டம்பர் 27-ல் மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகி சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, ஆனது. 1950-ல் மதுரையில் கூடிய அதன் பொது மன்றமான சினாடில் புது நற்கருணை ஆராதனை முறையை முதன்முதலாக நடத்தினார்கள். அதில்தான் ஐயர் ஜனங்களைப் பார்த்து நிற்பதும், மேசையிலிருந்து புறப்பட்டுக் கைமாறிக் கைமாறி வரும் 'சமாதானம்' என்ற வாழ்த்தும். அது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனதாம். "ஆம்பளைங்க பக்கம் முடிஞ்சு கடைசியா எங்க பாய்க்கு வரும். ரெண்டு கையையும் சேத்து வாங்கி அடுத்தவளுக்குக் குடுப்போம். எங்க மாமியா கையை நான் முதமுதல்ல தொட்டது அதுலதான்."

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

வராந்தாப் பெண்ணைப் பற்றி மறுபடியும் கேட்டேன். "சமையக்காரர் பெஞ்சாதி" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விழா மலருக்கு 1957 படம் வேண்டுமென்று ஒருவர் போன் செய்தார். வராந்தாவில் நிற்பவர்களின் பெயர்களையும் போடுவதானால் தருகிறேன் என்றேன். அவ்வளவுக்கு இடம் இருக்காது, வராந்தாவை வெட்டிவிட்டால் படமும் எடுப்பாக இருக்கும் என்கிறார்.

கொடுக்க மாட்டேன்.

ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. ஜெபராஜ் அத்தியட்சர் (பிஷப்) வந்துபோன படங்களில் மாலையைத் தட்டில் வைத்துக்கொண்டு நிற்பது யார் என்று எவருக்காவது தெரியுமா? வெள்ளைக்காரர்களின் பெயரைத் தேட ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன. இந்தப் பெண்களுக்கு அம்மாவின் ஞாபகத்தை விட்டால் வேறு இடமில்லை. அதுவும் இப்போது 128-ல் நிற்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

132. திங்கள் காலை ஆபரேஷன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ராத்திரி முழுக்கப் பிதற்றல். "வண்டி வந்துட்டா? சாமானெல்லாம் ஏத்தியாச்சா?" எந்த ஊரைக் காலி செய்துகொண்டிருந்தாளோ. மயக்க மருந்து இறங்கினால் சரியாகும் என்றார் நர்ஸ்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கஞ்சி குடித்தாள். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தானே படத்தைக் கேட்டாள்.

"பிள்ள அவளுது இல்ல. அது உங்கண்ணன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு அப்போது டைபாய்டாம். எழுந்து நிற்கத் தெம்பு வந்ததே அந்த வாரம்தான். இரண்டு மாதம் அண்ணனைப் பார்த்துக்கொண்டது அவள்தான். தன் பிள்ளையோடு இவனுக்கும் பால் கொடுத்திருக்கிறாள். பெயரையும் சொன்னாள், ஒரே மூச்சில், தகப்பன் பெயரோடு. உண்மையிலேயே சாயர்புரத்துக்காரிதான். முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். புருஷன் படிப்பை முடிக்காமல் போய்விட்டாராம், அதனால் அட்டையில் அவர் பெயரும் இல்லை. பெயரை இங்கே எழுதவில்லை. அவள் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை.

அண்ணனுக்கு போன் செய்தேன். முதலில் பேசவே இல்லை. பிறகு, "அந்தத் தூண் மறைக்காத வேற படம் இருக்கா?" என்று கேட்டான். அறுபத்தெட்டு வயசு அவனுக்கு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பெட்டி முழுக்கத் தேடிவிட்டேன். இல்லை. திருமறையூர் படிப்பு 1969-ல் மதுரை அரசரடிக்குப் போனபோது படங்களும் அங்கே போயிருக்கலாம். சாயர்புரத்தில் முதலில் விசாரிக்க வேண்டும். அங்கே அப்பாவோடு சபை ஊழியத்தில் வேலை பார்த்த உபதேசியாரின் மகன் இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழைய ஆட்களைக் கேட்டு வைப்பதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டு நிற்கும்போது நர்ஸ் வந்தார். மறுபடியும் காய்ச்சல், 102. போகவில்லை.