மேகம் கலையும் வரை

ஏற்காட்டு மலையில் மேகம் இறங்கினால் கோரிமேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும். அப்பா 26 வருஷம் சேலம்–ஏற்காடு ரூட்டில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலமானால் காபி டம்ளரோடு மாடிக்குப் போய் மலையை ஒரு பார்வை பார்ப்பார்.

போன வாரம் அங்கே உட்கார்ந்து அவருக்கு நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த புளூட்டோ படத்தைக் காட்டினேன். ஒன்பதரை வருஷம் பயணம் செய்து 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைத் தாண்டியது என்றேன்.

"தாண்டுச்சா? நிக்கலையா கண்ணு?"

நிற்கவில்லை. விநாடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகம். அதைக் குறைத்துப் புளூட்டோவைச் சுற்ற வைக்க வேண்டுமானால் மலை மாதிரி எரிபொருள் வேண்டும். அதைச் சுமந்துகொண்டு அவ்வளவு தூரம் போகவே முடியாது. அதனால் கிட்டத்தில் கடக்கிற சில மணி நேரத்தில் முடிந்ததையெல்லாம் பார்த்துச் சேமித்துக்கொண்டது. அந்தத் தகவல் முழுவதும் பூமிக்கு வந்து சேர 2016 அக்டோபர் ஆனது.

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. ஒரு தடவை பார்த்ததை வைத்து ஓர் இடத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார். நல்ல கேள்வி. செவ்வாயில் அதுதான் நடந்தது. 1965 ஜூலையில் நாசாவின் மாரினர் 4 கலம் செவ்வாயைக் கடந்தபோது அனுப்பிய இருபத்துச் சொச்சம் படங்களில் தெரிந்தது பெரும்பாலும் பள்ளங்கள்தான். நிலா மாதிரி செத்த கிரகம் என்று பலரும் நினைத்துவிட்டார்கள். அது பார்த்தது மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு.

அப்புறம் 1971 நவம்பரில் மாரினர் 9 போய்ச் சேர்ந்தது. வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதல் கலம் அதுதான். அது போன நேரம் செவ்வாய் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை.

"காத்திருந்திருக்கணும்," என்றார் அப்பா உடனே.

அப்படித்தான் செய்தது. பூமியிலிருந்து கட்டளையை மாற்றி, படமெடுக்கும் வேலையைத் தள்ளிப்போட்டார்கள். கலம் சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. புழுதி மெல்ல அடங்க, முதலில் நான்கு கரும்புள்ளிகள் தலைகாட்டின. நான்கும் எரிமலை உச்சிகள்! அதில் ஒன்று ஒலிம்பஸ் மோன்ஸ், ஏறக்குறைய 22 கிலோமீட்டர் உயரம். அப்புறம் 4,000 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தாக்கு. பழைய ஆற்றுத் தடங்கள். மாரினர் 4 காட்டிய செவ்வாய் எங்கே, இது எங்கே! ஆர்பிட்டர், அதாவது இப்படிச் சுற்றி வரும் கலம் என்றால் எனக்கு உயிர். காரணம் இந்தக் காத்திருப்புதான்.

அதே புயலில் சோவியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 கலங்களும் போயிருந்தன. அவற்றின் இறங்குகலங்கள் வேறு ரகம். தாய்க்கலத்தை விட்டுப் பிரிந்தால் பிரிந்ததுதான், நடுவழியில் நிறுத்த முடியாது. ஒன்று மோதி நொறுங்கியது. இன்னொன்று நல்லபடியாக இறங்கி, சுமார் 20 விநாடி பேசி, ஓய்ந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதற்காக இறங்குவது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மண்ணை மேலிருந்து தொட முடியாது. இறங்கியவனுக்கு மேலே இருப்பவன் துணை வேண்டும், அவ்வளவுதான். சந்திரயான் 3 இறங்க இடம் பார்த்ததில் சந்திரயான் 2 ஆர்பிட்டரின் படங்களுக்குப் பங்கு உண்டு. 2019இல் சந்திரயான் 2இன் லேண்டர் (இறங்குகலம்) விழுந்தும் ஆர்பிட்டர் மேலே வேலை செய்துகொண்டே இருந்ததே! லேண்டரின் கால்கள் மண்ணில் எப்படிப் பதியும் என்று சோதிக்க, நம் பக்கத்து நாமக்கல் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலா மண் மாதிரி செய்தார்கள். அதைச் சொன்னதும் அப்பா, "அந்த ரோட்ல எத்தனை தடவை போயிருக்கேன்," என்றார்.

சந்திரயான் 3 நிலாவில் இறக்கிவிட்ட ரோவர் வண்டியின் கதையைக் கடைசியில் சொன்னேன். 2023 ஆகஸ்ட் 27. ஆறு சக்கரம், 26 கிலோ பிரக்யான் போய்க்கொண்டிருக்கிறது. எதிரே 4 மீட்டர் அகலப் பள்ளம். மூன்று மீட்டர் முன்னாலேயே தெரிந்துவிட்டது. வந்த வழியே திரும்பு என்று இங்கிருந்து கட்டளை போனது.

அப்பா எழுந்து தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்று மீட்டரைக் காலால் அளந்து பார்த்தார். அங்கேயே நின்று, "பத்தும், பத்தும்," என்றார்.