தை மாசம் கல்யாணம், அடுத்த வாரமே அந்தமான்

கிருஷ்ணகிரில பொறந்து வளர்ந்தவனுக்கு தண்ணின்னா கேஆர்பி டேமும் ஒகேனக்கல் பரிசலும்தான், அவளும் தருமபுரி பக்கம், கடல்னா சின்ன வயசுல ஸ்கூல் டூர்ல பார்த்ததோட சரி, அதனாலயே ஹனிமூனுக்கு ஊட்டி வேணாம் தீவுதான்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். தை மாசம் கல்யாணம், அந்தமானுக்கும் அதான் நல்ல சீசன், மழை இருக்காது, கடலும் அமைதியா இருக்கும்.

பெங்களூர்ல ஃப்ளைட் ஏறி போர்ட் பிளேர், 2024ல இருந்து அதுக்கு ஸ்ரீ விஜயபுரம்னு பேரு. மொத நாள் சுதந்திரப் போராட்டக்காரங்கள வெள்ளைக்காரன் அடைச்சு வச்ச செல்லுலார் ஜெயில், அத பாக்காம பீச்சுக்குப் போக எனக்கு மனசே வரல. அப்புறம் ஃபெர்ரில ஹேவ்லாக் தீவு, அங்க மூணு ராத்திரி, ராதாநகர் பீச்ல சூரியன் மறையறத பாக்கணும்னா அஞ்சு மணிக்கெல்லாம் போயிடணுங்க, அங்க நம்மூர விட சீக்கிரமே இருட்டிடும். நீல் தீவுல இருக்கற பாறைப் பாலத்துக்கு கடல் உள்வாங்கற நேரம் பார்த்துதான் போகணும், அதனால அலை நேரத்த மொதல்ல கேட்டுட்டு தான் அன்னிக்கு பிளானே போடுவோம்.

அவளுக்கு பாராடாங் சுண்ணாம்புக் குகை மேல ஆசை, மாங்குரோவ் காட்டுக்குள்ள போட்ல போகணுமாம். ஆனா ரோடு ஜாரவாங்கற பழங்குடி மக்களோட காட்டு வழியா போகுது, வண்டிய நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. அவங்க வீட்டு வாசல் வழியா வேடிக்கை பாத்துட்டுப் போற மாதிரி எனக்குப் படுது, இத இன்னும் பேசிட்டிருக்கோம்.