படிவம் 4: கடைசி வரியிலிருந்து யோசியுங்கள்

பெங்களூரில் எம்.பி.பி.எஸ். படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஃபாரன்சிக் வைவா (சட்ட மருத்துவ வாய்மொழித் தேர்வு) நெருங்கினால் சட்டப் பிரிவுகளை உருப்போட ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் படிவம் 4-ஐ நிரப்பிப் பழக வேண்டும். மருத்துவமனையில் இறந்தவருக்கு இறப்புக் காரணம் எழுதும் படிவம் அது. வீட்டில் இறந்தவருக்கு 4ஏ.

'கார்டியாக் அரெஸ்ட்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். எந்தச் சாவிலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. டைபாய்டில் குடல் ஓட்டையாகி ஒருவர் இறந்தார் என்று வையுங்கள். பகுதி 1-இல் முதல் வரி செப்டிக் ஷாக் (கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரிவது), அடுத்தது பெரிட்டோனைட்டிஸ் (வயிற்று உள்ளுறை அழற்சி), கடைசியில் டைபாய்டு குடல் துளை. அந்தக் கடைசி வரிதான் அடிப்படைக் காரணம். கூடவே இருந்த சர்க்கரை நோய் பகுதி 2-க்குப் போகும்.

நாம் கையெழுத்துப் போடலாமா கூடாதா என்பதையும் அந்த வரியே சொல்லிவிடும். வைவாவில் பலரும் மாட்டுவது இங்கேதான். பைக் மோதி இடுப்பெலும்பு முறிந்த தாத்தா, சில வாரம் படுக்கையில் கிடந்து நிமோனியாவில் இறக்கிறார். நிமோனியா என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? கூடாது. சாவுக்கான காரணச் சங்கிலி அந்த பைக் விபத்தில் தொடங்குகிறது. போலீசுக்குத் தகவல் போக வேண்டும். இதற்கான சட்டப் பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194, அதாவது பழைய சி.ஆர்.பி.சி. 174. 'சேலத்துக்குக் கொண்டு போகணும் டாக்டர், போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்' என்று உறவினர்கள் தமிழிலேயே கெஞ்சுவார்கள். பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதித் தர முடியாது. உயிரில்லாமல் கொண்டுவரப்பட்டவருக்கும் ஊகத்தில் காரணம் எழுதாதீர்கள்.

சட்டம் என்று கேட்டால் 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 10. காரணச் சான்றுக்குக் கட்டணம் கிடையாது. 2023 திருத்தத்துக்குப் பின் நெருங்கிய உறவினருக்கும் ஒரு நகல் தர வேண்டும். இறப்பைப் பதிவாளருக்கு 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அவர் தருவதுதான் இறப்புச் சான்றிதழ். நாம் தருவது காரணச் சான்று மட்டும்.

அப்புறம் மூளைத்தண்டுச் சாவு, அதாவது இதயம் துடித்தாலும் மூளைத்தண்டு மீளாமல் செயலிழந்த நிலை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி அதை உறுதி செய்ய 4 டாக்டர்கள், இரண்டு முறை பரிசோதனை, இடையில் குறைந்தது 6 மணி நேரம். உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர் அந்த நால்வரில் இருக்கக்கூடாது. இதை நீங்களாகவே சொன்னால் எக்ஸாமினர் பெரும்பாலும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.