கசுகாவில் ஒரு மான் கோடு

ஜப்பானின் நாரா நகரிலுள்ள கசுகா தைஷா என்ற ஷிண்டோ கோயிலுக்கு இந்த முறை கொஞ்சம் விளையாட்டுப் புத்தியோடுதான் போனேன். ஜிபிஎஸ் ஓவியம் என்று ஒன்று உண்டு. கைபேசியில் செயலியை ஓடவிட்டு நடந்தால், போன வழியெல்லாம் வரைபடத்தில் கோடாக விழும். தெருக்களைத் தேர்ந்து நடந்தால் அந்தக் கோடே படமாகிவிடும். 2008-ல் யசுஷி தகஹாஷி என்பவர் ஜப்பான் முழுக்க 7,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி, 'மேரி மீ' என்று வரைந்து காதலியிடம் சம்மதம் கேட்டார். அந்தப் பெண்ணும் சரி என்றுவிட்டார்.

எனக்கு ஒரு மான் போதும். 768-ல் எழுந்த இந்தக் கோயிலின் நான்கு தெய்வங்களில் ஒருவர் தகேமிகசுச்சி. கிழக்கு ஜப்பானின் காஷிமாவிலிருந்து வெள்ளை மான்மீது ஏறி வந்தவர் என்பது ஐதிகம். நாராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் தெய்வத்தின் தூதர்களாகத் தெருவில் திரிவது அதனால்தான்.

சருசவா குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன், வால் ஆயிற்று. அங்கிருந்து கிழக்கே சஞ்சோ தெருவில் நேராகப் போனால் முதுகு. முதல் தோரியை, அதாவது கோயிலின் நுழைவு வளைவை, தாண்டியதும் ஒரு மான் தலையைத் தாழ்த்தி வணங்கியது. பிஸ்கட் தீர்ந்த பிறகும் சட்டையை விடவில்லை. நான்கைந்து மரம் தள்ளி ஓடவேண்டியதாயிற்று.

இரண்டாம் தோரிக்குப் பிறகு இருபுறமும் பாசி பிடித்த கல்விளக்குகள். கல்லில் சுமார் 2,000, உள்ளே தொங்குபவை சுமார் 1,000. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அத்தனையும் ஏற்றுவார்கள். அங்கே கைபேசியைப் பையில் போட்டுவிட்டேன். திரையைப் பார்த்தபடி சந்நிதிக்குள் நுழைய மனம் ஒப்பவில்லை. நடுவாசல் முன் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்தேன். அப்புறம் கிளம்பத் தோன்றாமல் அரைமணி நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு வடக்கே போய்த் திரும்பிக் கொம்பு. தெற்கே 'கிசுகிசுப்புப் பாதை' எனப்படும் காட்டுவழியில் இறங்கித் தகபதாகே சந்துகளில் கால்கள். மொத்தம் ஒன்பது கிலோமீட்டர்.

இரவு விடுதியில் படத்தைத் திறந்தேன். மானுக்குக் கண் வைக்க வழி தெரியாமல் விட்டிருந்தேன். ஆனால் தலையில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அசையாமல் நின்றாலும் மரநிழலில் ஜிபிஎஸ் புள்ளி நிலைகொள்ளாது, அங்குமிங்கும் கிறுக்கும். நான் நின்ற அரைமணி நேரம் சரியாகக் கண் இருக்கவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. நம்மூர் சிற்பிகளும் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தானே திறப்பார்கள்!

முதுகில் மட்டும், பிஸ்கட் மான் துரத்திய இடத்தில், ஒட்டகம் மாதிரி ஒரு திமில்.